நலம் கேளுங்கள்: பிள்ளைகளின் காது, மூக்கு, தொண்டை

மூன்று வயது மகனுக்குச் சளி பிடித்தாலே நடு ராத்திரியில் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை அம்மா காதில் ஊற்றுகிறார். ஊற்றலாமா?
- ஒரு வாசகி, குளச்சல்

வேண்டாம். வலி செவிப்பறைக்கு உள்ளே. எண்ணெய் அதற்கு வெளியிலேயே நின்றுவிடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ எண்ணெய் உள்ளே இறங்கிச் சீழைக் கூட்டும். சூடு தவறினால் தோலும் வெந்துபோகும்.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழல் போகிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இருக்கும். சிறு பிள்ளைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கும். சளியில் அது வீங்கி அடைத்தால் நடுக்காதில் நீர் தேங்கிப் பழுக்கும். படுத்ததும் அழுத்தம் கூடும். ராத்திரி அழுவது அதனால்தான்.

அந்த நேரத்துக்குத் தேவை பாராசிட்டமால். ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி.; 12 கிலோ பிள்ளைக்கு 180 மி.கி. கடையில் 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. முதலாவதில் 7.2 மி.லி., இரண்டாவதில் 3.6 மி.லி. புட்டியின் லேபிளைப் படிக்காமல் ‘போன தடவை கொடுத்த அளவு’ என்று ஊற்றுவதில்தான் தவறு நேர்கிறது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து ஒவ்வொரு துளையிலும் 2 சொட்டு விடுங்கள்.

திடீரென வலி அடங்கி, தலையணையில் மஞ்சளாகச் சீழ் ஒட்டியிருந்தால் ‘குணமாகிவிட்டது’ என்று இருந்துவிடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறது. வெளியே வழிந்ததை மட்டும் துடைத்து, காதில் தண்ணீர் படாமல் காத்து, மறுநாளே காட்டுங்கள். பெரும்பாலும் கிழிசல் தானாக மூடிவிடும். காதின் பின்னால் சிவந்து வீங்கி, காது முன்னே தள்ளினாற்போல் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

குளத்தில் குளித்துவிட்டு வந்த மறுநாள் காது மடலைத் தொட்டாலே மகள் அலறுகிறாள். வயது 8.
- ஒரு வாசகர், மார்த்தாண்டம்

இது வெளிக்காதுப் புண். மடலை இழுத்தால் வலி கூடுவதே அடையாளம். மருத்துவர் தரும் காதுச் சொட்டு மருந்து போதும். ஆறும்வரை குளம் வேண்டாம், பட்ஸ் எப்போதுமே வேண்டாம்: குறும்பியை அது உள்ளேதான் தள்ளும்.

இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ஒரு மூக்கில் மட்டும் ஒரு வாரமாக நாற்றத்தோடு சளி வருகிறது. ஜலதோஷ மருந்து கேட்கவில்லை.
- ஒரு வாசகி, தக்கலை

ஜலதோஷம் என்றால் இரண்டு துளையிலும் ஒழுகும். ஒரு பக்கம் மட்டும் நாறினால் உள்ளே ஏதோ இருக்கிறது: புளியங்கொட்டை, மணி, பஞ்சுத் துண்டு. ஹேர்பின்னால் தோண்டாதீர்கள், அது பின்னால் நழுவி மூச்சுக்குழலுக்குப் போகலாம். இன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

பொம்மையிலோ ரிமோட்டிலோ இருந்த பொத்தான் பேட்டரி காணாமல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அது பட்ட ஈரத்தில் காரம் உண்டாகி 2 மணி நேரத்திலேயே சதையை அரிக்கத் தொடங்கும்; மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழும். சொட்டு மருந்து, தண்ணீர் எதுவும் விடாமல் நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதே மாதிரி இன்னொரு பேட்டரி வீட்டில் இருந்தால் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.