லினக்ஸ் சர்வரின் ஃபயர்வாலில் தடை ரூல் போட்டும் டிராஃபிக் நிற்கவில்லை, பிழைச்செய்தியும் வரவில்லை. எங்கே பார்ப்பது?

நீங்கள் சொல்லும் இதே நிலையில் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அப்போது வேலை பார்த்த இடத்தில், கழற்றிவிட வேண்டிய பழைய ஆப் சர்வர் ஒன்று டேட்டாபேஸோடு பேசிக்கொண்டே இருந்தது. ரூலைப் போட்டேன், அழித்தேன், திரும்பப் போட்டேன். ஒன்றும் நிற்கவில்லை.

ரூலில் தவறே இல்லை. 'எஸ்டாப்ளிஷ்ட் (ஏற்கெனவே ஏற்பட்ட இணைப்பு) என்றால் விடு' என்ற வரி அதற்கு மேலே இருந்தது. பெரும்பாலான ரூல் கோப்புகளில் அது முதல் சில வரிகளிலேயே இருக்கும். ஆப் சர்வர் காலையில் திறந்த இணைப்பை மூடவே இல்லை. அதனால் அதன் பாக்கெட்டுகள் அந்த வரியோடு வெளியேறிவிட்டன, என் ரூல் வரை வரவேயில்லை. நடப்பு இணைப்புகளைக் கெர்னல் குறித்து வைக்கும் கான்ட்ராக் அட்டவணை ஒரு டிசிபி இணைப்பை, பாக்கெட் எதுவும் ஓடாவிட்டாலும், இயல்பாக 4,32,000 விநாடி, அதாவது 5 நாள் வைத்திருக்கும். காத்திருந்து பயனில்லை. கான்ட்ராக் கட்டளையால் அந்த முகவரியின் பதிவுகளை நீக்கினேன். அடுத்த நொடியே நின்றது.

ஆகவே முதலில் ரூலின் கவுண்ட்டரை, அதாவது அந்த ரூலில் எத்தனை பாக்கெட் சிக்கியது என்ற எண்ணைப் பாருங்கள். லினக்ஸின் பழைய ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் அது தானாகவே இருக்கும். அதற்குப் பின் வந்த என்எஃப்டேபிள்ஸில் ரூலுக்குள் 'கவுண்ட்டர்' என்று நீங்கள்தான் எழுத வேண்டும். எண் பூஜ்யத்திலேயே நின்றால் பாக்கெட் வழியிலேயே வேறெங்கோ முடிந்துவிடுகிறது, மேலே உள்ள ரூல்களைப் பாருங்கள். அப்பெண்ட் செய்த ரூல் கடைசியில்தான் போய் உட்காரும். எண் ஏறியும் டிராஃபிக் வந்தால் ஐபிவி6 வழியைச் சோதியுங்கள். ஐபிடேபிள்ஸ் அதைத் தொடாது.

ரூல் எழுதித் திறந்துவிட்ட போர்ட் திறக்கவில்லை என்பது வேறு கதை. என்எஃப்டேபிள்ஸில் ஒரு டேபிளில் 'அக்செப்ட்' ஆன பாக்கெட்டை, அதே ஹூக்கில் (பாக்கெட் சோதிக்கப்படும் கட்டத்தில்) பின்னால் வரும் இன்னொரு டேபிள் 'டிராப்' செய்யலாம். ஃபயர்வாலை நிர்வகிக்கும் சேவையான ஃபயர்வால்டியும் உங்கள் சொந்தக் கோப்பும் ஒன்றாக ஓடினால் இப்படி நடக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே பயமானது ரீபூட். என்எஃப்டேபிள்ஸ் கோப்பை முழுதாக ஏற்றும், அல்லது ஒரு வரியும் ஏற்றாது. ரூலில் ஐபிக்குப் பதில் டொமைன் பெயர் எழுதியிருந்து, பூட் ஆகும்போது டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் சேவை) கிடைக்கவில்லை என்றால் கோப்பு மொத்தமும் விழுந்துவிடும். சர்வர் ரூலே இல்லாமல் திறந்து கிடக்கும். தயவுசெய்து எண் முகவரியையே எழுதுங்கள், ரீபூட் செய்தும் ஒருமுறை பாருங்கள்.

ஐபிவி4-க்குப் புது ரூல்களை ஏற்ற ஐபிடேபிள்ஸ்-அப்ளை என்ற கட்டளையைப் பயன்படுத்தினால், 10 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய ரூல்களே திரும்பிவிடும். உறுதி செய்யுமுன் எஸ்எஸ்எச்சை (சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் இணைப்பு) புது ஜன்னலில் திறந்து பாருங்கள். பழைய ஜன்னல் உயிரோடிருப்பதை நம்ப வேண்டாம். அதுவும் எஸ்டாப்ளிஷ்ட் இணைப்புதான்.