பாட்டுக் கம்பனி தொடங்கப் போகிறீர்களா?

(கொக்குவிலில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்துபவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

நாங்கள் மூன்று நண்பர்கள். ஒருவன் மெட்டுப் போடுவான், ஒருவன் எழுதிப் பாடுவான், நான் மிக்ஸிங். சொந்தமாக ஒரு இசைத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கப் போகிறோம். முதலில் என்ன வாங்க வேண்டும்?
– வாசகர், சுன்னாகம்

ஒரு சி.ஆர். கொப்பி, அதுதான் தடித்த மட்டை போட்ட கொப்பி, வாங்குங்கள் தம்பி. மைக் பிறகு வாங்கலாம்.

உங்கள் மூன்று பேரில் ஒருவராவது வெளிநாடு போவீர்கள். கோபிக்க வேண்டாம், யாழ்ப்பாணத்தில் எந்தக் குழுவைக் கேட்டாலும் கீபோட் வாசித்தவர் இப்போது ஸ்காபரோவில் என்றுதான் சொல்லுவார்கள். அவர் போன பிறகுதான் தெரியவரும், யூரியூப் சனலை அவர் தன்னுடைய சொந்த ஜிமெயிலில் திறந்திருக்கிறார் என்று. மூலப் பதிவுகள் இருக்கிற ஹாட் டிஸ்க்கும் அவருடைய பெட்டியோடு விமானம் ஏறியிருக்கும். ஆகவே கம்பனிக்கென்று தனி மின்னஞ்சல் திறந்து சனலை அதில் தொடங்குங்கள், மூவருக்கும் அனுமதி கொடுங்கள். மூலப் பதிவுகளை இரண்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.

அடுத்தது உரிமை. மெட்டும் வரிகளும் ஒரு சொத்து. அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு வேறொரு சொத்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் முக்கால்வாசிச் சண்டையும் வருகிறது. எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை உருவாக்கியவருக்கு அவருடைய வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. எங்கேயும் பதியத் தேவையில்லை, பாட்டு உருவானதுமே உரிமை வந்துவிடும். கேட்க நல்லாகத்தான் இருக்கும். ஆனால் பதிவேடு என்று ஒன்று இல்லாததால், நாளைக்குப் பிரச்சினை வந்தால் உங்கள் கையில் இருக்கிற தாள்தான் சாட்சி.

அந்தத் தாள்தான் நான் சொன்ன கொப்பி. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம். மெட்டு யார், வரி யார், யாருக்கு எத்தனை வீதம், பதிவுச் செலவை யார் போட்டது. பாட்டு வெளிவர முதலே மூவரும் கையெழுத்து வையுங்கள். பாட்டு ஓடத் தொடங்கினால் எல்லோருக்கும் ஞாபகம் வேறு வேறாகிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 12 சேர்ந்த குறியீடு கிடைக்கும், அதையும் அதே பக்கத்தில் குறியுங்கள். பாட்டை ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றிவிடுகிற விநியோக நிறுவனத்தை மாற்றும்போது பழைய குறியீட்டையே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இதுவரை கேட்ட கணக்குப் போய், பாட்டு புதுப் பாட்டாகிவிடும்.

கம்பனி மெட்டையும் வரியையும் எழுதி வாங்கக்கூடாது என்பது என் கட்சி. ஒலிப்பதிவு கம்பனிக்கு இருக்கட்டும். போட்ட செலவு திரும்பி வரும்வரை வருமானத்தைக் கம்பனி எடுக்கட்டும், அதற்குப் பிறகு பிரியுங்கள். முழுவதையும் எழுதி வாங்குகிற கம்பனிக்கு இரண்டாவது பாட்டைக் கொண்டுவர ஆள் வராது.

ஒரு பாட்டுக்கு நாதஸ்வரமும் தவிலும் தேவை. வித்துவான்களுக்கு ஒருதரம் காசு கொடுப்பதா, பங்கு கொடுப்பதா?
– வாசகி, மானிப்பாய்

காசு, தங்கச்சி. அதுவும் அன்றைக்கே, அவர்கள் வாத்தியத்தை உறையில் போட முதல். யூரியூப்பில் வந்ததும் தருகிறோம் என்று இணுவிலிலோ அளவெட்டியிலோ போய்ச் சொல்லிப் பாருங்கள், அடுத்த தரம் தொலைபேசியே எடுக்க மாட்டார்கள். பரம்பரை பரம்பரையாக வாசிப்பை நம்பிச் சீவிக்கிற ஊர்கள் அவை. ஆனால் நீங்கள் கொடுத்ததை வாசிக்காமல், வித்துவான் தன் கற்பனையில் ஒரு பகுதியை உருவாக்கினால் அது மெட்டில் சேரும். கொப்பியில் அவருக்கும் ஒரு வரி, ஒரு வீதம்.

திருவிழாக் காலத்தில் கேட்காதீர்கள். நல்லூர் கொடியேறினால் 25 நாளும் ஆள் பிடிக்க முடியாது. மார்கழியில் கலியாணங்கள் இல்லை, ஆறுதலாக வந்து வாசிப்பார்கள். என்ன, திருவெம்பாவைக்கு விடிய முதலே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். பதிவைப் பின்னேரம் வையுங்கள்.

எங்கள் பாட்டை ஸ்பொட்டிஃபையில் 800 தரத்துக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். ஒரு சதமும் வரவில்லையே?
– வாசகர், பருத்தித்துறை

வராது. கடந்த 12 மாதத்தில் குறைந்தது 1,000 தரம் கேட்கப்பட்ட பாட்டுக்குத்தான் காசு என்று 2024இல் விதி கொண்டுவந்துவிட்டார்கள். 1,000 தாண்டினாலும் வடையும் பிளேன்ரீயும்தான். கலியாண வீடு, விளம்பரம், குறும்படப் பின்னணி இசை என்று கையில் வருகிற வேலைகளை விடாதீர்கள்.

இணையத்தில் காசு கட்டி ஒரு பீட் (பாடுவதற்கான பின்னணி இசை) வாங்கி ராப் பாட்டு வெளியிட்டோம். இப்போது வேறு யாரோ எங்கள் வீடியோவுக்கு உரிமை கோருகிறார்கள். காசு கட்டிய ரசீது இருக்கிறது.
– வாசகர், சாவகச்சேரி

ரசீதோடு உரிமப் பத்திரமும் வந்திருக்கும், அதை வாசித்தீர்களா? மலிவு விலைக்கு வருவது பெரும்பாலும் வாடகை உரிமம். அதே பீட்டை இன்னும் பல பேருக்கு விற்றிருப்பார்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டை யூரியூப்பின் கொன்டென்ற் ஐடியில், அதாவது ஒரே ஒலி வருகிற வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோருகிற முறையில், போட்டிருக்கிறார். அப்படிப் பலருக்கு விற்ற பீட்டை அதில் போடவே கூடாது. ஆகவே உரிமப் பத்திரத்தைக் காட்டி மறுப்புத் தெரிவியுங்கள், பீட் விற்றவருக்கும் எழுதுங்கள். அடுத்த பாட்டுக்குப் பக்கத்து ஊரில் பீட் போடுகிற பெடியனைப் பிடியுங்கள். பேரம் பேச நேரில் ஓர் ஆள் இருப்பான்.

சுவிஸில் இருக்கிற மாமா எங்கள் கம்பனிக்குக் காசு போட வருகிறார். ஒரே நிபந்தனை, முதல் பாட்டைத் தன் மகள் பாட வேண்டுமாம். என்ன செய்யலாம்?
– வாசகர், வல்வெட்டித்துறை

அந்தக் காசு அன்பளிப்பா, கடனா, பங்கா என்று முதலில் கேளுங்கள். சொந்தக்காரர் என்று வாயால் பேசி விடாதீர்கள், மாமிக்கும் தெரியும்படி எழுத்தில் வாங்குங்கள். பங்கு என்றால் அந்த ஒரு பாட்டில் மட்டும் கொடுங்கள், கம்பனியில் வேண்டாம். அதற்கெல்லாம் முதல் பிள்ளையை ஒரு தேவாரம் பாடி வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். சுருதி நின்றால் மாமாவிடம் வங்கி இலக்கத்தைக் கொடுக்கலாம்.