மழை கூடும் என்கிறது வரைபடம். மோட்டார் ரூமை எங்கே கட்டுவது?

கேள்வி: கேத்தி பாலாடாவில் இரண்டு ஏக்கரில் கேரட், பீட்ரூட், பூண்டு போடுகிறோம். ஓடைக்கரையில் மோட்டார் ரூமும் ஒரு தொட்டியும் கட்டப் போகிறேன். 2050-க்குள் நீலகிரியில் மழை கூடும் என்று இணையத்தில் ஒரு வரைபடம் பார்த்தேன். அப்படியென்றால் கோடைத் தண்ணீருக்குக் கவலை இல்லையா? வெள்ளம் எதுவரை ஏறும்? 2009-ல் ஓடை பாலத்தைத் தொட்டது என்கிறார் அப்பா.

பதில்: அந்த வரைபடம் வருடம் முழுக்கப் பெய்யும் மழையின் சராசரியைச் சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது நவம்பரில் ஒரு ராத்திரி ஓடை எவ்வளவு ஏறும், மார்ச்சில் எவ்வளவு ஓடும் என்பது. சராசரி மழை கூடினாலும் மார்ச் ஓட்டம் குறையலாம்.

இந்த வரைபடங்கள் உலகப் பருவநிலை மாதிரிகளிலிருந்து, அதாவது வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல்களிலிருந்து வருபவை. அவை பூமியைக் கட்டங்களாகப் பிரிக்கும்; ஒரு கட்டம் 100 கி.மீ. வாக்கில் இருக்கும். அதைப் புள்ளியியல் முறையில் நறுக்கி 25 கி.மீ. ஆக்கித் தருகிறார்கள். நம் மலையில் அந்த 25 கி.மீ.க்குள் இரண்டு வேறு வானிலை. 2019 ஆகஸ்டில், தென்மேற்குப் பருவத்தில், அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2009 நவம்பரில், வடகிழக்குப் பருவத்தில், உங்கள் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.யைத் தாண்டியது. இவ்விரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுச் சராசரி எடுத்தால் வரும் எண் இரண்டு ஊருக்கும் உதவாது.

இன்னொரு சிக்கல். 1951 முதல் 2015 வரை இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதம் குறைந்திருக்கிறது. குறைவு தெளிவாகத் தெரிந்த இடங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்று. மாதிரிகளோ பெரும்பாலும் இனி கூடும் என்கின்றன. அதனால் ஒற்றை எண்ணை நம்பிப் பணம் போட வேண்டாம். உறுதியாக நம்பக்கூடியது ஒன்று உண்டு: வெப்பம் 1 டிகிரி ஏறினால் காற்று தாங்கும் ஈரம் 7 சதம் கூடும். கொட்டுகிற மழை இன்னும் பலமாகக் கொட்டும்; இடையில் வரும் வெயில் நாட்களில் மண் சீக்கிரம் காயும்.

வெள்ளத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஓடைக்குத் தண்ணீர் வடியும் சரிவு 1 சதுர கி.மீ. என்று வையுங்கள். மணிக்கு 60 மி.மீ. மழை, அதில் 40 சதம் மண்ணில் இறங்காமல் மேலோடி வந்தால் நொடிக்குச் சுமார் 6.7 கன மீட்டர். வெப்பத்தால் மழை 10 சதம் கூடினால் 7.3. ஆனால் ஒரு வாரம் நனைந்து ஊறிய மண்ணில் 60 சதம் மேலோடினால், அதே பழைய மழைக்கே 10. ரிசார்ட்டும் கான்கிரீட் தளமும் வரிசையாக வந்த சரிவில் இது மண் ஊறாமலே நடக்கும். ஆக, வரைபடத்தைப் பார்க்கும் நேரத்தில் பாதியை உங்களுக்கு மேலே இருக்கும் சரிவைப் பார்க்கச் செலவிடுங்கள்.

‘நூறு வருட வெள்ளம்’ என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். முப்பது வருடத்தில் ஒருமுறையாவது அது வர 26 சதம் வாய்ப்பு உண்டு.

அப்பா சொன்ன 2009 அடையாளம் எந்த மாதிரியும் தராத தகவல். ஹட்டியில் (ஊரில்) இன்னும் இரண்டு மூன்று பெரியவர்களிடம் கேட்டு, அந்த மட்டத்தைப் பாறையில் பெயிண்டால் குறியுங்கள். அதற்கும் ஒரு மீட்டராவது மேலே கட்டுங்கள். பாலத்துக்கு மேல்பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம், மட்டும் வேண்டவே வேண்டாம். வெள்ளத்தில் வரும் சீகை மரம் பாலத்தின் கண்ணில் சிக்கினால், தண்ணீர் அளவு கூடாமலே மட்டம் ஏறிவிடும். எந்த மாதிரியிலும் அந்த மரம் இருக்காது.

மோட்டாரை எவ்வளவு வேண்டுமானாலும் மேலே ஏற்றலாம் என்றும் நினைக்காதீர்கள். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. சமவெளியில் 7 மீட்டர் உறிஞ்சும் மோட்டார் இங்கே 5 மீட்டரிலேயே திணறும். கரையில் சிறு கிணறு எடுத்து, நீர்மூழ்கி மோட்டாரை அதில் இறக்கி, ஸ்டார்ட்டரையும் பேனலையும் மட்டும் மேட்டில் வைப்பதையே நான் சொல்வேன்.

இனி கோடை. உறைபனிக் காலத்திலிருந்து கோடை மழை வரும் வரை ஓடையில் ஓடுவது முன்பு பெய்து மண்ணும் சதுப்பும் பிடித்து வைத்த தண்ணீர். மேலே என்ன மரம் நிற்கிறது என்பது இங்கே பெரிய விஷயம். நீலகிரியின் கிளன்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு வருடக்கணக்கில் அளந்தார்கள். புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்ட பகுதியில் முதல் சுற்றில் 16 சதம், வெட்டிய அடியிலிருந்து மறுதாம்பு வளர்ந்த இரண்டாம் சுற்றில் கால்வாசி நீர்வரத்து குறைந்தது.

உங்கள் ஓடையில் நீரோட்டத்தை அளக்கும் அரசு அளவி கிடையாது. நீங்களே வையுங்கள், செலவு அதிகமில்லை. இரும்புத் தகட்டில் 90 டிகிரி ‘வி’ வடிவ வெட்டு. ஓட்டம் குறைந்த டிசம்பரில் ஓடைக்குக் குறுக்கே, ஓரத்தில் கசியாமல் களிமண் வைத்து நிறுத்துங்கள். கோடை மழைக்கு முன் எடுத்துவிடலாம். தகட்டுக்குச் சற்று மேலே, நீர் அமைதியாக நிற்கும் இடத்தில் ஸ்கேல் நட்டு, வெட்டின் அடிமுனையிலிருந்து உயரம் பாருங்கள். 10 செ.மீ. என்றால் நொடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர். 5 செ.மீ. என்றால் பாதி வரும் என்று நினைப்போம், 0.77 லிட்டர்தான், நாளுக்கு 66,000 லிட்டர். 3 செ.மீ.க்கு இறங்கினால் நாளுக்கு 18,500. உங்கள் இரண்டு ஏக்கருக்கு நாளொன்றுக்கு 4 மி.மீ. கணக்கில் 32,000 லிட்டர் வேண்டும். அதாவது 5 செ.மீ.யில் போதும், 3-ல் போதாது. அதுவும் கீழே இருப்பவர்களுக்கு ஒரு சொட்டும் விடாமல் எடுத்தால். இரண்டு கோடை தினமும் காலையில் எழுதி வைத்தால் தொட்டி எத்தனை நாள் தாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்தக் குறைந்த ஓட்டத்தில் இன்னும் கால்வாசியைக் கழித்துத் திட்டமிடுங்கள்.

முன்னறிவிப்பைப் பொறுத்தவரை, பவானி போன்ற ஆற்றுக்கு மேலே வரும் நீரை அளந்து கீழே எச்சரிக்கலாம். உங்கள் ஓடை ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். மழை எச்சரிக்கைதான் கதி. சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல். அன்று மாலையே மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கடைக்கால் தோண்டும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கி, ஓடைப் புறம்போக்கு எங்கே முடிகிறது என்று அளந்து பாருங்கள். பல இடங்களில் வெள்ளம் வந்த மட்டம் அந்தக் கோட்டையும் தாண்டியிருக்கும்.