பக்கத்துப் பண்ணையில் கேட்ட ஊசி என் மாட்டுக்கு ஏன் கேட்கவில்லை? பாக்டீரியாவின் மரபணு மாறிவிட்டதா?

தேவகோட்டைப் பக்கம் கலப்பினக் கறவை மாடு வைத்திருப்பவர் கேட்டிருக்கிறார். பக்கத்துப் பண்ணையில் மடிநோயைக் குணமாக்கிய அதே ஊசி தன் மாட்டுக்குக் கேட்கவில்லை. மருந்து போலியா, பாக்டீரியாவின் மரபணு மாறிவிட்டதா என்பது ஒரு கேள்வி. மற்ற மாடுகளுக்கும் முன்கூட்டியே அதே ஊசியைப் போட்டு வைக்கலாமா என்பது இன்னொன்று.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. நுண்ணுயிரியல் படித்துவிட்டு காரைக்குடிக்குப் பக்கத்தில் வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டு இருப்பவன். எந்த ஊசி என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏன் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

மருந்தைச் சந்தேகப்படுவதற்கு முன், இரண்டு மாட்டுக்கும் வந்தது ஒரே கிருமிதானா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. மடிநோய் என்பது மடியில் தெரிகிற விளைவுக்கு நாம் வைத்த பெயர். அதை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பல இனம், ஒவ்வொரு இனத்துக்குள்ளும் பல வகை.

எல்லா நோயும் இப்படி இல்லை. அடைப்பானை, அதாவது ஆந்த்ராக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி மாட்டைக் கொன்றபின் வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். அப்படிக் கிடக்கும்போது அது பெருகுவதில்லை. பெருகினால்தானே மரபணுவைப் படியெடுக்க வேண்டும், படியெடுத்தால்தானே பிழை விழும்? அதனால் உலகத்தில் எங்கே எடுத்தாலும் அடைப்பான் கிருமி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. அதன் நஞ்சுக்கான மரபணுக்கள் ஒரு பிளாஸ்மிடில், அதாவது முதன்மைக் குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் ஒரு சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. மேலுறைக்கானவை இன்னொரு பிளாஸ்மிடில். தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் 1937இல் உறைப் பிளாஸ்மிடைத் தொலைத்த வகையைப் பிடித்துத் தடுப்பூசியாக்கினார். அதே வகையைத்தான் இன்றைக்கும், நோய் தலைகாட்டிய ஊர்களில் ஆண்டுதோறும் போடுகிறார்கள். கிருமி மாறாததால் ஊசியும் மாறவில்லை.

கருச்சிதைவு நோயை உண்டாக்கும் புரூசெல்லாவும் ஏறக்குறைய இந்த ரகம்தான். கிடாரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒரு முறை போடும் எஸ்19 தடுப்பூசி, 1923இல் அமெரிக்காவில் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து எடுத்த கிருமி. ஆய்வகத்தில் ஓராண்டுக்கு மேல் சும்மா கிடந்து வீரியம் குறைந்தது. எரித்ரிட்டால் என்ற சர்க்கரையைச் செரிக்கும் மரபணுப் பகுதியில் அதற்கு 702 டிஎன்ஏ எழுத்துகள் இல்லை என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. சினை மாட்டின் நஞ்சுக்கொடியில் நிறைய இருக்கும் சர்க்கரை அது. வீரியம் குறைந்ததற்கு அது ஒன்றே காரணமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மடிநோயில் கதை வேறு. ஈ.கோலையைப் பாருங்கள். சாணத்தில், ஈரத் தரையில், எங்கும் இருப்பது. அதன் ஒவ்வொரு வகையிலும் நாலாயிரம், ஐயாயிரம் மரபணுக்கள் இருக்கும். ஆனால் எல்லா வகைக்கும் பொதுவானவை சுமார் 2,000தான். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் வளவு, அதாவது நடுமுற்றம் எல்லோருக்கும் பொது, சுற்றியுள்ள அறை புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று என்று பூட்டி வைத்திருப்பார்கள் இல்லையா, அப்படி. பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மருந்து கேட்பதும் கேட்காததும். பக்கத்துப் பண்ணை ஈ.கோலையிடம் இல்லாத மரபணு உங்கள் கொட்டகை ஈ.கோலையிடம் இருக்கலாம்.

மடிநோயை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இன்னும் பிடிவாதக்காரன். பென்சிலின் குடும்ப மருந்துகளின் நடுவே நான்கு அணு கொண்ட ஒரு வளையம் உண்டு. பிளாஇசட் என்ற மரபணு உள்ள கிருமி அந்த வளையத்தை உடைக்கும் நொதியைச் சுரக்கிறது. கிளாவுலானிக் அமிலம் சேர்த்த மருந்து அந்த நொதியைக் கட்டிப்போடும். மெக்ஏ என்ற மரபணு இருந்தால் அதுவும் பலிக்காது, ஏனென்றால் மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதத்துக்குப் பதிலாக ஒட்டாத வேறு புரதத்தைக் கிருமி வைத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு சுவாரசியமான கிளைக்கதை. மெக்ஏவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மெக்சி. இங்கிலாந்தில் மாட்டுப் பாலில் கண்டு 2011இல் வெளியிட்டார்கள். மெக்ஏவைத் தேடும் சோதனைகளில் அது சிக்கவில்லை. அதன் வேரைத் தேடிப் போனவர்கள் 2022இல் ஐரோப்பிய முள்ளெலியிடம் போய் நின்றார்கள். அதன் தோலில் வளரும் பூஞ்சை பென்சிலின் போன்ற பொருளைச் சுரக்கிறது. அதைச் சமாளிக்கவே அங்கிருந்த கிருமி 1800களிலேயே அந்த மரபணுவோடு பரவியிருக்கிறது. மனிதன் பென்சிலினைக் கண்டதே 1928இல்தான். ஆகவே எதிர்ப்பு மரபணுவை நாம் உண்டாக்கினோம் என்பது பாதி உண்மை. அவை முன்பே இருந்தன, நாம் கண்டபடி ஊசி போட்டு அவை உள்ளவற்றை மட்டும் வளரவிட்டோம். (நம் தென் மாவட்டத்து முள்ளெலி வேறு இனம், அதைத் துரத்த வேண்டாம்.)

இன்னொன்று. ஆய்வகத் தட்டில் மருந்துக்குச் சாகும் ஸ்டெஃபிலோகாக்கஸ் மடிக்குள் சாகாமல் இருக்கலாம். பிசின் போன்ற படலத்தை உண்டாக்கி அதற்குள்ளும், மடியின் செல்களுக்குள்ளும் ஒளிந்துகொள்ளும். நாலைந்து ஈற்று கண்ட மாட்டில் நாள்பட்டுக் கிடந்தால் குணமாவது கஷ்டம். சில சமயம் அந்தக் காம்பை வற்றவிடச் சொல்வார்கள். கேட்க மனசு வராது, ஆனால் டாக்டர் சொன்னால் காரணத்தோடுதான் சொல்வார்.

சரி, என்ன செய்வது? மடி வீங்குவதற்கு முன்பே நோய் உள்ளே இருக்கும். அதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சோப்புத்தூளைக் கரைத்து, காம்புக்கு ஒரு கிண்ணமாகப் பாலும் கரைசலும் சம அளவு விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். பக்கத்து வீட்டு அப்பத்தா மாட்டுக்கு இதைச் செய்தபோது, “பாலு வெள்ளையா நல்லாத்தானப்பா இருக்கு, அதுல ஏன் சோப்பக் கொட்டுற?” என்றார். மூன்று கிண்ணம் தண்ணீராகவே ஓடியது. பின் இடது காம்பின் கிண்ணம் மட்டும் கொழகொழவென்று திரண்டு ஒரே கட்டியாக வழுக்கியது. அப்பத்தா விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தார், நூலாக வந்தது. அந்த நூல் டிஎன்ஏதான். கிருமியுடையது அல்ல, கிருமியை எதிர்க்க மடிக்குள் வந்து குவிந்த மாட்டின் வெள்ளையணுக்களுடையது. சோப்பு அணுக்களை உடைத்து அதை வெளியே கொண்டுவருகிறது.

இந்தச் சோதனை நோய் இருக்கிறதா என்று சொல்லும், எந்தக் கிருமி என்று சொல்லாது. அதற்குப் பால் மாதிரியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கும் சோதனை வேண்டும். எங்கே கொடுப்பது என்பதை உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். முதல் ஊசி போடுவதற்கு முன்னால் மாதிரி எடுப்பதுதான் முக்கியம். ஊசி போட்டபின் எடுத்தால் தட்டில் ஒன்றும் முளைக்காமல் போகலாம். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் சில பீச்சைக் கீழே விட்டு, அடுத்ததைக் கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். மாடு காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நின்றால் மாதிரியை எடுத்து வைத்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், 1962 கால்நடை ஆம்புலன்ஸும் இருக்கிறது. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவதைத் தேசிய பால்வள வாரியமே சொல்கிறது. ஆரம்பத்தில் தாராளமாகப் பூசலாம், படுத்துவிட்ட மாட்டுக்கு அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். கறவையில் நோயே இல்லாத மாட்டுக்கு ஊசி போட்டால், அதன் குடலிலும் சாணத்திலும் இருக்கும் சாதுவான பாக்டீரியா செத்து, எதிர்ப்பு மரபணு உள்ளது பெருகும். அவை பிளாஸ்மிடை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும், அதுவும் இனம் விட்டு இனம். கொலிஸ்டின் மருந்துக்கு எதிரான மரபணு இப்படிப் பிளாஸ்மிடில் ஏறித் திரிவது 2015இல் சீனாவில் தெரிந்தது. 2019இல் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க இந்தியா தடை போட்டது. பால் வற்றவிடும் நேரத்தில் காம்பில் ஏற்றும் மருந்து வேறு கணக்கு, அதை டாக்டரிடம் கேட்டுச் செய்யலாம்.

ஊசிக்குப் பதிலாகக் கறக்கும் வரிசையை மாற்றுங்கள். நல்ல மாடுகளை முதலில் கறந்துவிட்டு, நோய்ப்பட்டதைக் கடைசியில் கறங்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போவது பெரும்பாலும் கறக்கிற கை வழியாகத்தான். அப்புறம் ஊசி போட்ட மாட்டின் பாலை சொசைட்டிக்கு ஊற்ற முடியாதே, வீணாகிறதே என்று கன்றுக்குக் கொடுப்பார்கள். அதையும் செய்யாதீர்கள். அந்தப் பாலில் மிச்சமிருக்கும் மருந்து கன்றின் குடலில் எதிர்ப்புள்ள ஈ.கோலையைத்தான் வளர்க்கும்.