தரை அமுங்கும் பழைய ஃபைபர் படகை வாங்கி ஸ்ட்ரிங்கரை மாற்றலாமா?

ஈ.சி.ஆர். பக்கம் ஒரு வீட்டில் பல வருடமாக நிற்கும் 18 அடி அவுட்போர்ட் (பின்னால் வெளியே எஞ்சின் மாட்டும்) படகு அடிமாட்டு விலைக்கு வருகிறது, உள்ளே நடந்தால் தரை அமுங்குகிறது, ஸ்ட்ரிங்கர் இத்துப் போயிருக்கும் என்கிறார்கள், சென்னையில் அதை மாற்ற முடியுமா, மாற்றினால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வடசென்னையில் ஃபைபர் பட்டறை வைத்திருப்பவன் நான். முடியும், நிற்கும். மரத்தை எடுத்துவிட்டு வேறு மரம் வைப்பது இதில் சின்ன வேலைதான். ஹல் என்கிற வெளிக்கூடு வடிவம் மாறாமல் பிடித்து வைத்துக்கொள்வதும், பழைய ஃபைபரோடு புதியது பிரியாதபடி ஒட்டுவதும்தான் பெரிய வேலை. செலவும் அங்கேதான்.

ஸ்ட்ரிங்கர் என்பது தரைப் பலகைக்குக் கீழே, முன்னிருந்து பின்னாக ஓடும் விட்டம். பழைய படகுகளில் பெரும்பாலும் பிளைவுட்டையோ கட்டை மரத்தையோ நிறுத்தி, மேலே ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். ஹல்லின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். அலை மோதும்போது அது உள்வாங்காமல் தாங்குவது இந்த விட்டங்கள்தான். விட்டத்தின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. ஆகவே புதிது வைக்கும்போது அகலத்தில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை, உயரத்தில் கை வைக்காதீர்கள். கையில் கிடைத்த பலகை அரை அங்குலம் குறைவு, சமாளித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

உப்புத் தண்ணீர்தான் மரத்தைத் தின்றது என்று பலர் நினைக்கிறார்கள். நிஜத்தில் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது, மழைத் தண்ணீர்தான் அதற்குப் பிடித்தமானது. மரத்தில் ஈரம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டி, கொஞ்சம் காற்றும் 25, 30 டிகிரி வெப்பமும் கிடைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை இந்த மூன்றையும் தாராளமாகக் கொடுக்கிறது. தினமும் கடலுக்குப் போய்வரும் படகைவிட, தண்ணீர் வடியும் துளையின் மூடியான ட்ரெயின் பிளக்கை அடைத்து, கிழிந்த தார்ப்பாய் போட்டு, வீட்டு ஓரம் நிறுத்திய படகுதான் சீக்கிரம் இத்துப்போகும். நீங்கள் பார்த்திருப்பது அந்த ரகம். தண்ணீர் உள்ளே போன வழி எப்போதும் சில்லறையானது: சீட்டை முடுக்கிய ஸ்க்ரூ, தண்ணீர் ஓட விட்டத்தில் போட்ட ஓட்டையின் எதுவும் பூசாத வெற்று விளிம்பு, தொழிற்சாலையிலேயே ஃபைபர் போர்த்தாமல் விட்ட மேல்முனை. மரத்தை மட்டும் மாற்றி இந்த வழிகளை அப்படியே விட்டால் சில மழைக்காலத்தில் மறுபடியும் அதே கதை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கேட்டுப் பார்த்தால், "மேல ரெண்டு மேட்டு போட்டு வுட்டா ஜம்முனு நிக்கும் சார்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பைப் போடுவதில் அந்தக் கைகளின் வேகம் வேறு யாருக்கும் வராது. ஆனால் கரையில் ஏற்றி இறக்கும் மீன்பிடி ஃபைபர் படகு கனமான கூடு. தரைக்குக் கீழே மூடிய பெட்டி மாதிரி அறைகள், அதற்குள் மறைந்த மரம் என்கிற அமைப்பு அதில் பொதுவாக இருக்காது. உங்கள் படகில் ஈர மரத்தின் மேல் இரண்டு மேட் போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போல் ஆகும். ஓட்டை போட்டு, எபாக்சி என்கிற இறுகும் ரெசின் பசையை ஊற்றி மரத்தைக் கல்லாக்கலாம் என்று இணையத்தில் ஒரு வைத்தியமும் உலவுகிறது. தண்ணீர் குடித்து ஊறிய மரத்துக்குள் எபாக்சி போகாது. போன இடத்தைச் சுற்றிலும் மக்கல் தொடரும்.

இனி ஹல்லைத் தாங்கிப் பிடிப்பது. ட்ரெய்லர் உருளைகளின் மேல் படகை வைத்தபடியே தரையை அறுத்துவிடுகிறார்கள். தரையும் விட்டமும் போனதும் ஹல் தன் எடைக்கே உருளைகளின் மேல் பள்ளம் விழுந்து உட்காரும். அந்த நிலையிலேயே புது விட்டத்தை ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரம். பின்பகுதியின் கடைசி நாலைந்து அடியில் அடிப்பாகம் உள்வளைந்து போனால், வேகம் எடுக்கும்போது முன்பக்கம் தண்ணீரில் அழுந்தும். வெளியே புடைத்தால் படகு தவளை மாதிரி துள்ளும். எந்த எஞ்சின் மாட்டினாலும் அது சரியாகாது.

அதனால் முதலில் மரத் தாங்கிகள். நடு அடியையும் இரு பக்க விளிம்புகளையும் இரண்டு இரண்டரை அடிக்கு ஒன்றாகத் தாங்கி, ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். மேல்மூடியைக் கழற்றாமல் வேலை நடக்கும் என்றால் கழற்றவே வேண்டாம், அதுதான் ஹல்லின் விறைப்பில் பாதி. கழற்றியே ஆகவேண்டும் என்றால் குறுக்கே சட்டம் அடித்து அகலத்தைப் பூட்டுங்கள். பிறகு முன்னிருந்து பின்னுக்கு ஒரு நைலான் நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு அடிக்கும் நூலிலிருந்து விட்டத்தின் மேல்முனை எவ்வளவு தாழ்வு என்று அளந்து சுவரிலேயே எழுதி வையுங்கள். காகிதம் ரெசினில் நனைந்து காணாமல் போகும். ஒரு நேரத்தில் ஒரு விட்டம் மட்டும். அது ஒட்டி இறுகிய பின்தான் அடுத்ததை அறுக்க வேண்டும்.

அறுக்கும்போது தரையைச் சுற்றிலும் இரண்டு அங்குல விளிம்பை விட்டுவிட்டால் புதுத் தரை உட்கார இடம் கிடைக்கும். விட்டத்தின் மேல் ஃபைபரைக் கிரைண்டரில் நீளவாக்கில் கீறினால் உள்ளிருக்கும் மரம் கையோடு வரும், சில இடங்களில் சேறாகவே வரும். அந்த ஃபைபர் உறையை உடைக்காமல் எடுத்தால் புது மரத்துக்கு அதுவே அச்சு. கண்ணாடித் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, நல்ல முகமூடி மூன்றும் வேண்டும். துணி மாஸ்க் கட்டிக்கொண்டு இறங்கும் பையன்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் அரிப்பு கொஞ்சம் அடங்கும்.

உரசுவதற்கு முன்னால் கழுவ வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த ஃபைபரை அப்படியே கிரைண்டரில் உரசினால் பிசுக்கு இழைகளுக்குள் இறங்கிவிடும், அதன் மேல் எந்த ரெசினும் பிடிக்காது. தரைக்குக் கீழே தேங்கிய பெட்ரோல், எஞ்சின் ஆயில் கலந்த கசடும் இதே வேலையைச் செய்யும். முதலில் சோப்புத் தண்ணீர், காய்ந்தபின் புதுத் துணியில் அசிட்டோன், அதற்கு அப்புறம்தான் கிரைண்டரில் 36 நம்பர் உரசு டிஸ்க். பளபளப்பு முழுவதும் போய்ச் சொரசொரப்பாக, மங்கலாகத் தெரிய வேண்டும். பழைய ஃபைபரில் இருக்கும் பாலியெஸ்டர் ரெசின் எப்போதோ முழுதாக இறுகிவிட்டது, புதியது அதோடு வேதியியல் முறையில் கலக்காது. இந்தச் சொரசொரப்புதான் பிடிமானம்.

மரக்கடைக்குப் போனால் தேக்கு போடுங்கள் என்பார்கள். படகுக்குத் தேக்கு என்பது நம் ஊரில் மறுபேச்சில்லாத மரியாதை. ஃபைபருக்குள் வைப்பதற்கு எனக்கு அது பிடிக்காது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, ரெசின் பிடிப்பது அரைகுறையாக இருக்கும். கட்டை மரம் ஈரத்துக்கு விரிந்து சுருங்கும்போது மேல் ஃபைபரையும் பிளக்கும். ஐ.எஸ். 710 என்கிற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடாத பசைதான் அந்தத் தரத்தின் கணக்கு. 12 மில்லிமீட்டர் பலகை இரண்டை எபாக்சியில் ஒட்டினால் நல்ல விட்டம். பலகை 8 அடிதான் வரும் என்பதால் நீளத்தைச் சேர்க்கும்போது தடிமனைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும், இரண்டு அடுக்கின் இணைப்பும் ஒரே இடத்தில் வரக்கூடாது. கரையான் மருந்து, எண்ணெய் எதையும் பூசாதீர்கள், ரெசின் ஒட்டாது. மரமே வேண்டாம் என்றால் ஃபோமை அச்சாக வைத்துச் சுமை முழுவதையும் ஃபைபரே தாங்கும்படி கனமாகப் போடலாம். மக்க அங்கே எதுவும் இருக்காது. ஆனால் எத்தனை அடுக்கு என்று கணக்குப் போடத் தெரிந்தவர் வேண்டும், துணியும் ரெசினும் நிறையச் செலவாகும்.

ரெசினில் என் கட்சி எபாக்சி. பழைய ஃபைபரோடும் மரத்தோடும் பாலியெஸ்டரைவிட நன்றாக ஒட்டும். கையில் காசு இறுக்கம் என்றால் வினைல் எஸ்டர், அதுவும் முடியாவிட்டால் ஐசோ என்கிற பாலியெஸ்டர் ரகம். தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் ஜி.பி. என்கிற சாதாரண ரக ரெசினை இதில் கொண்டுவராதீர்கள். எபாக்சிக்கு துண்டு இழைகளால் ஆன நம் வழக்கமான சாப்டு மேட் சரிப்படாது. அந்த மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் என்கிற கரைப்பானில்தான் கரையும், எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது, மேட் முரண்டு பிடிக்கும். இரண்டு திசையில் இழை ஓடும்படி தைத்த பையாக்சியல் துணி வாங்க வேண்டும். இன்னொன்று, பாலியெஸ்டரை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டைக் கூட்டிக் குறைத்துப் பழகிய கை எபாக்சி ஹார்ட்னரிலும் அதையே செய்யும், அது கடைசிவரை பிசுபிசுவென்றே இருக்கும். எபாக்சியில் டப்பாவில் போட்ட விகிதம்தான், தராசில் வைத்து எடை போடுங்கள். எபாக்சி இறுகியபின் அதன் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சை அடிக்க நினைக்காதீர்கள், சரியாக ஒட்டாது.

பாலியெஸ்டர் வகையே போதும் என்றால் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் கேட்டலிஸ்ட். மே மாத வெயிலில் கீழ் அளவு, அதற்கும் குறைத்தால் முழுதாக இறுகாது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாக வாங்குபவர்களுக்கு: கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கிவிட்டுத்தான் மற்றது. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். தூசி மாஸ்க் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது, அதற்குக் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி தனி.

வைக்கும் முறைக்கு வருவோம். மரத்தை ஹல்லில் நேரே முட்ட வைக்காதீர்கள். முட்டிய கோட்டில் வெளியே விரிசல் ஓடும். கால் அங்குல இடைவெளி விட்டு, ஃபோம் பட்டையோ கெட்டியாக்கிய ரெசின் விழுதோ கொடுத்து அதன் மேல் உட்கார வையுங்கள். இரண்டு பக்க மூலையிலும் அதே விழுதை விரலால் வழித்தது போல் வளைவாக நிரப்புங்கள், மேல் ஓரங்களையும் உருட்டிவிடுங்கள். ஃபைபர் துணி செங்கோணத்தில் மடங்காது, அடியில் காற்று நிற்கும். பலகையின் வெட்டுமுனை குடிக்கிற வரைக்கும் ரெசின் ஊட்டுங்கள். பிறகு முதல் அடுக்கு ஹல்லின் மேல் 2 அங்குலம், அடுத்தது 4, அதற்கடுத்தது 6 என்று படிப்படியாகப் பரவ வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தால் அங்கேதான் உடையும். எத்தனை அடுக்கு என்றால், பழைய ஃபைபர் உறையை வெட்டிப் பார்த்து அதற்குக் குறையாமல். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட்டால் சூடேறிப் புகையும், இரண்டு மூன்றோடு நிறுத்தி அடுத்ததைப் போடுங்கள்.

தண்ணீர் ஓடும் ஓட்டைகளுக்குள் பி.வி.சி. குழாய்த் துண்டை ஒட்டிவிடுங்கள். ஸ்க்ரூ போகும் இடத்தில் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் ஸ்க்ரூவுக்குத் துளை. தரைக்குக் கீழே இருந்த ஃபோம் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தால் தூக்கி எறியுங்கள், ஆனால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள். படகு நிரம்பினால் மிதக்க வைப்பது அதுதான். அடியில் தண்ணீர் வடிய வழி விட்டுப் புது ஃபோம் வையுங்கள்.

தை பிறந்ததும் ஆரம்பித்தால் பங்குனிக்குள் முடிக்கலாம். காலைப் பனி காய்ந்தபின் ஒன்பது மணிக்கு மேல்தான் ரெசினைத் தொட வேண்டும். சித்திரை பிறந்த மறுநாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அப்போதுதான் பழுதுபார்க்க நிற்கும், நல்ல மேஸ்திரி ஒருவர்கூடக் கைக்குக் கிடைக்க மாட்டார். ஐப்பசியில் ஆரம்பிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

விலை பேசப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியலும் 5 மில்லிமீட்டர் பிட் போட்ட டிரில்லும் எடுத்துப் போங்கள். தட்டினால் நல்ல மரம் கணீர் என்னும், இத்தது மொத்தென்னும். சந்தேகம் வரும் இடத்தில், விட்டத்தின் பக்கவாட்டில் அடியை ஒட்டி, ஹல்லைத் தொடாமல் துளையுங்கள். வெளிர் நிறத்தில் காய்ந்த தூள் வந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, நாற்றத்தோடு வந்தால் முடிந்தது. அதையே எஞ்சின் மாட்டும் பின்சுவரான ட்ரான்சத்திலும் செய்யுங்கள். ஸ்ட்ரிங்கர் போன படகில் ட்ரான்சம் தப்பியிருப்பது அபூர்வம், அது தனி வேலை, தனிச் செலவு. பார்த்த துளைகளை எபாக்சியால் அடைத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். துளைக்கவே கூடாது என்று உரிமையாளர் மறுத்தால், மொத்தமும் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு உங்கள் விலையைச் சொல்லுங்கள்.