செல்லோ வாசிக்கும் மகளும் ஒரு நீண்ட தொழிலும்

வணக்கம் அம்மா. 17 வயது மகள் மேற்கத்திய சிம்பொனி இசைக்குழுவில் செல்லோ (உட்கார்ந்து வாசிக்கும், வயலின் வகைப் பெரிய வாத்தியம்) வாசிப்பதையே தொழிலாக எடுத்துக்கொள்வேன் என்கிறாள், 40 வயதுக்கு மேல் அவளை யார் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். விளையாட்டு வீரர்களைப் பார்த்து வந்த பயம் என்று நினைக்கிறேன். இங்கே நிலைமை நேரெதிர்.

அமெரிக்காவின் அட்லாண்டா சிம்பொனி இசைக்குழுவில், செல்லோவைவிடப் பெரிய டபுள் பேஸ் வாசித்த ஜேன் லிட்டில் 1945இல், 16 வயதில் சேர்ந்தார். ஐந்தடிகூட இல்லாத உயரம். வாத்தியம் அவரைவிடப் பெரியது. 2016 மே மாதம், 87 வயதில், மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார். 71 ஆண்டுகள் வாசித்திருந்தார். யூட்டா சிம்பொனியின் வயலின் கலைஞர் ஃபிரான்சஸ் டார்ஜர் 70 ஆண்டுகள் வாசித்து 2012இல் ஓய்வு பெற்றார். இவர்கள் அபூர்வம்தான். ஆனால் இருபது சொச்சம் வயதில் நிரந்தர இடம் பிடித்தவர் முப்பது வருஷத்துக்கு மேல் அதே குழுவில் இருப்பது இந்தத் தொழிலில் வெகு சாதாரணம்.

அதே காரணத்தால்தான் நுழைவது கடினம். உள்ளே இருப்பவர் எழுந்தால்தானே அடுத்தவருக்கு நாற்காலி? ஒரு காலியிடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வருவதுண்டு. பல குழுக்களில் முதல் சுற்றுத் தேர்வு திரைக்குப் பின்னால் நடக்கும். வாசிப்பவர் யார் என்றே தேர்வாளர்களுக்குத் தெரியாது. சில நிமிடங்கள்தான் கிடைக்கும். செல்லோ என்றால் பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதித் தொடக்கம் போன்ற சிறு துண்டுகளைக் கேட்பார்கள். தேறினாலும் ஓராண்டோ இரண்டாண்டோ தகுதிகாண் காலம் உண்டு. எனவே பட்டம் வாங்கியதும் வேலை என்று கணக்குப் போடாதீர்கள். எத்தனை வருஷம் தேர்வுகளுக்குப் போய்ப் பார்ப்பது, அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி என்று மகளோடு உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள். குழுவில் ஒருவர் வராதபோது மாற்றுக் கலைஞராக வாசிப்பது, சொல்லிக்கொடுப்பது இரண்டும் அந்தக் காலத்தைத் தாங்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது உடம்பைப் பற்றி. 1980களில் அமெரிக்க இசைக்குழுக் கலைஞர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 76 சதவீதம் பேர், வாசிப்பையே பாதிக்கும் அளவுக்கு ஓர் உடல்நலப் பிரச்சினையாவது இருப்பதாகச் சொன்னார்கள். தோள், கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு. ஒரே அசைவைத் தினமும் மணிக்கணக்காகச் செய்வதால் வருவது. வலி வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசி என்று சொல்லும் ஆசிரியர் எவ்வளவு பெரியவரானாலும் உங்கள் மகளுக்கு வேண்டாம். இதில் நான் கறாராகவே இருப்பேன். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வில்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடக்கும் பழக்கம் இந்த வயதிலேயே வர வேண்டும். காதும் அப்படித்தான். சத்தம் 85 டெசிபலுக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் கேள்வித்திறன் கெடும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். 2012இல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ் ஒத்திகையில் ட்ரம்பெட்டுகளுக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்ட வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) கலைஞர் ஒருவரின் காது கெட்டது. 2018இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எல்லா ஸ்வரங்களையும் சீராகக் குறைக்கும், இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் கிடைக்கிறது. மற்றவர்கள் போடவில்லையே என்று அவள் கூச்சப்படக் கூடாது.

மனசும் களைக்கும், அதைப் பலர் சொல்வதில்லை. ஆய்வாளர் ரிச்சர்ட் ஹேக்மன் குழுவினர் நான்கு நாடுகளில் 78 இசைக்குழுக்களை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். பதின்மூன்று தொழில்களோடு ஒப்பிட்டதில், வேலையில் உள்ளார்ந்த ஈடுபாட்டில் இசைக்குழுக் கலைஞர்களுக்கே முதலிடம். வேலைத் திருப்தியில் ஏழாவது இடம், சிறைக் காவலர்களுக்கும் கீழே! எனக்கு இதில் ஆச்சரியமில்லை. எதை, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு சத்தமாக வாசிப்பது என்பதை எல்லாம் முன்னால் நின்று குழுவை இயக்கும் இசை நடத்துநர் முடிவு செய்கிறார். இருபது வருஷம் அதே வரிசையில் இருப்பவருக்குச் சொந்தக் குரல் மறந்துபோகும். நாலைந்து பேராகச் சேர்ந்து சேம்பர் இசை வாசிப்பவர்கள், மாணவர்களை வளர்ப்பவர்கள் இந்தச் சலிப்பை நன்றாகவே தாண்டுவதைப் பார்க்கிறேன். கல்லூரி பார்க்கும்போது செல்லோ ஆசிரியர் யார் என்பதோடு, சேம்பர் இசைக்கும் கற்பித்தல் பயிற்சிக்கும் அங்கே இடமிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

விலையுயர்ந்த வாத்தியத்துக்குக் கடன் வாங்கும் யோசனையை இப்போதைக்கு விடுங்கள், கல்லூரி ஆசிரியர் பார்த்துச் சொன்ன பிறகு போதும். அதற்கு முன் ஒரு காது பரிசோதனை செய்து அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். பத்து வருஷம் கழித்துக் கேள்வித்திறன் குறைந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க அதுதான் அளவுகோல். அப்புறம், அடுத்த முறை மகளையும் அழைத்து வாருங்கள் அம்மா. வாசித்து முடித்ததும் தோள் வலிக்கிறதா என்று நான் அவளிடமே கேட்க வேண்டும்.