ஆடு செத்துக் கிடக்கிறது, கொன்றது யார்?

காங்கயம் வாசகர்: ராத்திரி பட்டிக்குள் புகுந்து ஆறு செம்மறிகளைக் கொன்றுவிட்டது. ஊரில் சிறுத்தை என்கிறார்கள், அப்பா நாய் என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறப்படுத்தும் முன் கழுத்தைப் பாருங்கள். சிறுத்தை தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்துக் கொல்லும். ரோமத்தை ஒதுக்கினால் ஆழமான பல் துளைகள் ஜோடியாகத் தெரியும். நாய்க்கு அந்தப் பக்குவம் கிடையாது. ஓடும் ஆட்டைப் பின்னாலிருந்து பிடிக்கும். பின்தொடை, மடி, வால், காது எல்லாம் கிழிந்திருக்கும், சில ஆடுகள் சாகாமல் துடித்துக்கொண்டிருக்கும். ஆறையும் குதறிவிட்டு ஒன்றைக்கூட ஒழுங்காகத் தின்னாமல் போயிருந்தால் நான் முதலில் நாயைத்தான் சந்தேகிப்பேன். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அடைத்த பட்டிக்குள் ஆடுகள் மிரண்டு சுற்றி ஓடினால் சிறுத்தையும் வரிசையாக அடித்துப் போடும். ஈர மண்ணில் கால்தடம் கிடைத்தால் நல்லது. நகம் பதிந்திருந்தால் அநேகமாக நாய்.

இன்னொரு சாத்தியத்தை யாரும் யோசிப்பதில்லை. கால்நடை மருத்துவரிடம் கடிவாயில் தோலை உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும்போது கடித்திருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கும். கட்டவில்லையா? ஆடு துள்ளுமாரி நோயிலோ வேறெதிலோ முதலில் செத்திருக்கிறது, நாய் பிறகுதான் வந்திருக்கிறது. அப்படியானால் மீதி ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலையை முதலில் பாருங்கள். எதுவானாலும் படம் எடுத்து, மருத்துவரின் சான்று வாங்கி வையுங்கள். அது இல்லாமல் இழப்பீட்டுக்கு நடப்பது வீண் அலைச்சல்.

என் ஊகத்தைக் கேட்டால், அப்பா பக்கம்தான். காங்கயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் ஆடு வளர்ப்பவர்களைச் சாலை மறியல் வரை கொண்டுபோனது தெருநாய்கள்தான்.

கூடலூர் வாசகர்: சிறுத்தையைக் கூண்டில் பிடித்து முதுமலைக்குள் விட்டால் தீர்ந்தது. ஏன் இழுத்தடிக்கிறார்கள்? தின்று மிச்சம் வைத்த கன்றின் மேல் குருணை மருந்து தூவினால்தான் என்ன?

முதல் யோசனையை மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் செய்து பார்த்தார்கள். கரும்புக் காட்டில் பிடித்த சிறுத்தைகளை வனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மனிதர்கள் மீதான தாக்குதல் அதன் பிறகு கூடியது என்று வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினரின் ஆய்வு காட்டியது. காலியான இடத்துக்கு வேறொன்று வந்துவிடும். விடப்பட்டதோ பழக்கமில்லாத இடத்தில் திக்குத் தெரியாமல் அலையும். ஆளைத் தாக்கத் தொடங்கிய விலங்கு என்றால் பேச்சே வேறு. உங்கள் விஷயத்தில் கொட்டகைக்கு மேலே கம்பி வலை போர்த்துங்கள். ஆறடிச் சுவரெல்லாம் அதற்கு ஒரு தாண்டல்தான்.

குருணை மருந்து கூடவே கூடாது. சிறுத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 2022 திருத்தத்தின்படி குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். அந்த இறைச்சிக்கு மோயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறுக் கழுகுகளும் வந்து இறங்கும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை மாட்டுக்குப் போட 2006-இல் தடை வந்ததே, அந்த மருந்து ஏறிய மாட்டின் இறைச்சியைத் தின்று செத்துக்கொண்டிருந்த அந்த இனத்தைக் காப்பாற்றத்தான். தப்பிப் பிழைத்த கொஞ்சத்தையும் நாம் விஷம் வைத்து முடிக்க வேண்டாம்.

புதுக்கோட்டை வாசகர்: அடைகாக்கும் கோழியின் முட்டைகள் காணாமல் போகின்றன. கீரியா, பாம்பா?

ஓடு உடைந்து பக்கத்தில் கிடந்தால் கீரி. ஓடும் இல்லை என்றால் பாம்பு முழுங்கியிருக்கும், இல்லையேல் காக்கை. பக்கத்து வீட்டுக்காரரையும் நான் முழுதாக விட்டுவிட மாட்டேன். கீரி பகலில் வரும், மரநாய் ராத்திரியில் வரும். இரண்டுக்கும் அரை அங்குல வெல்டு மெஷ் போதும். அடியில் ஓரடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதையுங்கள்.

கொள்ளிடக் கரை வாசகர்: குளத்தில் மீன் குறைந்துகொண்டே போகிறது. நீர்நாயா, நீர்க்காகமா?

கரையில் மேடான இடங்களைப் பாருங்கள். செதிலும் முள்ளுமாக, கவிச்சி வாடையோடு எச்சம் இருந்தால் நீர்நாய். அது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து எச்சமிடும். குளத்தோர மரம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தால் நீர்க்காகம். நீர்க்காகம் விழுங்குவது சின்ன மீனைத்தான், அதனால் விரலளவுக் குஞ்சை நேராகக் குளத்தில் விடாமல், நாற்றங்காலில் வலைக்குக் கீழே வளர்த்துப் பெரிதாக்கி விடுங்கள். நீர்நாய்க்குச் சுற்றிலும் வெல்டு மெஷ் வேலிதான் வழி. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவா என்றும் பாருங்கள். ஆக்சிஜன் குறைந்து மயங்கும் மீனைப் பறவை கொத்துகிறது, பழி முழுக்கப் பறவைக்குப் போகிறது.

நாகை வாசகர்: பங்குனி ஆமை முட்டைக் குழிகளை நரியும் நாயும் தோண்டுகின்றன. நாங்களே எடுத்து வேறு இடத்தில் புதைக்கலாமா?

வேண்டாம். இட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு முட்டையைப் புரட்டினாலே கரு செத்துவிடும், தவிர சட்டப்படி குற்றம். இரவே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போவார்கள். சென்னைக் கடற்கரையில் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இதைச் செய்கிறது. எடுக்க முடியாத குழி என்றால், அவர்கள் சம்மதத்தோடு அதன் மேல் கம்பி வலையைக் கிடையாக விரித்து முளையடிக்கலாம். கண் நாலு அங்குலமாவது இருக்க வேண்டும், குஞ்சு ஏறி வெளியே வர வேண்டுமே. மீன் கழிவை மணலிலேயே கொட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள், நாய்கள் கரைக்கு வருவதே அதற்காகத்தான்.